டிரையர் மோட்டார் கருகினால் காயில் கட்டுவதா, புதுசு போடுவதா, மெஷினையே மாற்றுவதா?

போன ஐப்பசியில் கோவையில் ஒரு வாரம் மழை விடவில்லை. அம்மா வீட்டில் வராந்தா, ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு என்று எங்கு திரும்பினாலும் ஈரத்துணி. அந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷினின் டிரையர் நின்றுபோனது. டைமரைத் திருப்பினால் ‘உம்ம்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் எரிந்த வாடை. அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை.

மெஷின் பன்னிரண்டு வருஷப் பழசு. இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக், 7 கிலோ. வந்த மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, குனிந்து மோந்து பார்த்தார். “மோட்டார் போச்சுங்கம்மா. புது மோட்டார் 1,800, கூலி 400. ஆனா இத்தன வருஷ மெஷினுக்கு எதுக்குங்க செலவு பண்றீங்க? எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க” என்றார். பக்கத்து வீட்டு அண்ணனோ, “காயில் கட்டினா ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுரும்” என்றார். காயில் கட்டுவது என்றால், மோட்டாருக்குள் கருகிய கம்பிச் சுற்றைப் பிரித்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது. கடையில் விசாரித்ததில் அதே அளவு புது மெஷின் 11,000 ரூபாயைத் தொட்டது.

ஆக ஆயிரம், 2,200, 11,000. விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலோர் நடுவில் இருப்பதைத்தான் பிடிப்பார்கள். புது மோட்டார் என்றால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும், மழைக்காலத்தில் அதுதான் நிம்மதி. நானும் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். சொல்லியிருந்தால் அந்தப் புது மோட்டாரும் பொங்கலுக்குள் கருகியிருக்கும். மோட்டார் எதனால் போனது என்று யாருமே அதுவரை பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டுத் தேர்வுதான்.

போனது மோட்டார்தானா?

செமி ஆட்டோமேட்டிக்கில் மோட்டார் இரண்டு. துவைக்கும் தொட்டிக்குக் கீழே வாஷ் மோட்டார் இருக்கும், அது பெல்ட் வழியாகச் சுழலியைச் சுற்றும். டிரையருக்குக் கீழே உள்ள மோட்டார் தொட்டியின் தண்டோடு நேராக இணைந்திருக்கும். இரண்டுமே கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி ஓடும். இரண்டுக்கும், கிளம்பவும் ஓடவும் உதவும் கெப்பாசிட்டர் வேண்டும். வாஷ் பக்கம் 10 எம்.எஃப்.டி.யை (மைக்ரோஃபாரட், கெப்பாசிட்டரின் அளவு) ஒட்டியும் டிரையர் பக்கம் 5, 6 எம்.எஃப்.டி.யும் இருப்பது வழக்கம். இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து வைத்திருப்பதும் உண்டு.

இந்தக் கெப்பாசிட்டர்தான் முதல் சந்தேகம். அது வலுவிழந்தால் மோட்டார் உறுமும், ஆனால் கிளம்பாது. கருகிய மோட்டாரும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் நூறு, நூற்றைம்பது ரூபாய்க் கெப்பாசிட்டரில் முடிய வேண்டிய வேலை இரண்டாயிரம் ரூபாய் மோட்டாரில் முடிவது நிறைய வீடுகளில் நடக்கிறது. மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் அளக்கும் வசதி இருந்தால் மேலே அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 6 என்று போட்டது 3 காட்டினால் அதை மாற்றிவிட்டு மற்றதை யோசிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்காமல் முனையில் விரல் வைக்காதீர்கள். வடிக்கத் தெரியாவிட்டால் பின்மூடியையே திறக்க வேண்டாம்.

வாஷ் மோட்டாரைச் சோதிப்பது இன்னும் சுலபம். அது இடமும் வலமும் மாறி மாறிச் சுற்ற வேண்டியது என்பதால் அதன் இரண்டு காயிலும் ஒரே அளவாக இருக்கும். மூன்று வயரில் பொது வயருக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் ஒன்றுபோல வர வேண்டும். ஒன்று 30, இன்னொன்றும் 30 என்றால் அவை இரண்டுக்கும் நடுவே 60 வரும். ஒன்று 30, இன்னொன்று 12 என்றால் காயில் உள்ளே ஷார்ட். காயில் சரியாக இருந்து ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் டைமரைப் பாருங்கள்.

டிரையருக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. மூடி சுவிட்ச் போயிருக்கலாம். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினில் எலி புகுந்து வயரைக் கடித்திருக்கலாம், கீழே வலை போடாத வீடுகளில் இது சர்வ சாதாரணம். மோட்டாரின் காயிலுக்குள்ளேயே செருகியிருக்கும், சூடு மீறினால் அறுந்துபோகும் தெர்மல் ஃப்யூஸ் மட்டும் போயிருக்கலாம். அதை வைண்டிங் கடைக்காரர் காயிலைப் பிரிக்காமலே மாற்றிவிடுவார். எங்கள் மெஷினில் கெப்பாசிட்டர் நன்றாக இருந்தது, ஃப்யூஸும் இருந்தது. போனது காயில்தான்.

அது எதனால் போனது

டிரையர் மோட்டார் சாவதற்கு நான் பார்த்த வரையில் இரண்டு பெரிய காரணங்கள்.

ஒன்று சீல். டிரையர் தொட்டியின் தண்டு கீழே இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து அது கெட்டியாகி, பிறகு கீறும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேராக மோட்டார் தலையில் இறங்கும். முதலில் தண்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ துருப்பிடித்து ‘கிரீச்’ என்று கத்தும். அந்தச் சத்தத்தோடு ஆறு மாதம் ஓட்டினால் காயில் போகும்.

இன்னொன்று பிரேக். மூடியைத் திறந்ததும் டிரையர் நிற்கிறதே, அது மூடியோடு கட்டிய ஒரு பிரேக் வயரின் வேலை. மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருக்கும், மூடினால் வயர் இழுத்து விடுவிக்கும். வருஷக்கணக்கில் வயர் நீண்டுபோனால் மூடிய பிறகும் பிரேக் பாதி பிடித்தே இருக்கும். மோட்டார் பாவம், பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஓடும். வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: துணி முன்போல் காயாது. அம்மா அதைக் கவனித்திருந்தார். “நாலு மாசமாவே ஜீன்ஸ் பிழிஞ்ச மாதிரிதான் வருது” என்று மெக்கானிக்கிடம் சொல்லவும் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

குறைந்த வோல்டேஜும் ஒரு காரணம்தான். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170, 180க்கு இறங்கினால் மோட்டார் கிளம்பச் சிரமப்படும், சூடேறும். மாலை நேரத்தில் மின்விசிறி மெதுவாகும் பகுதிகளில் காலையில் துவைப்பது நல்லது.

புது மோட்டார் போடுவது

இதில் இரண்டு வகை. நிறுவனத்தின் சொந்தப் பாகம், வெளிச்சந்தையில் கிடைக்கும் ‘லோக்கல்’.

பழைய மாடலுக்குச் சொந்தப் பாகம் கிடைத்தால் அதை எடுப்பதில் தப்பில்லை. உயரம், ஷாஃப்ட் தடிமன், போல்ட் துளை எல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் பத்து வருஷம் தாண்டிய மாடலுக்கு அது கிடைப்பதே அபூர்வம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இதற்கென்று விதி இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்று குறைந்தது 10 ஆண்டுகளுக்கு மோட்டார், கார்பன் பிரஷ் உள்ளிட்ட பாகங்களைப் பழுது பார்ப்பவர்களுக்குத் தர வேண்டும். நம் ஊரில் அந்த இடத்தை நிரப்புவது வைண்டிங் கடையும் லோக்கல் பாகமும்தான்.

லோக்கல் மோட்டாரில் முதலில் கேட்க வேண்டியது: காப்பரா, அலுமினியமா? வெளியே பார்த்தால் தெரியாது. அலுமினியக் கம்பிக்கும் செம்பு நிற எனாமல் பூசியிருப்பார்கள். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். அதே வேலையைச் செய்யக் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் உள்ள கம்பி வேண்டும். அதற்கு இடம் கொடுத்து, ஒழுங்காகக் கட்டி வந்த அலுமினிய மோட்டார் நன்றாகவே உழைக்கும். எங்கள் வீட்டில் கருகியதும் அலுமினியம்தான் என்று பிறகு தெரிந்தது, பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. விலையைக் குறைக்கக் கம்பியைச் சிறுத்தும், சுற்றைக் குறைத்தும் கட்டிய மோட்டார்தான் ஆபத்து. அது நாலு முறை தொடர்ந்து ஓட்டினாலே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். கையில் தூக்கிப் பார்த்துப் பழைய மோட்டாரைவிட நன்றாக இலேசாக இருந்தால் வாங்காதீர்கள்.

புது மோட்டாரின் பலம் வேகம். காலையில் மெக்கானிக் வந்தால் மதியம் துணி காயும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், படுக்கையில் பெரியவர் இருக்கும் வீட்டில், மூன்று நாள் காத்திரு என்று நான் சொல்ல மாட்டேன். மெக்கானிக் ஏன் எப்போதும் புது மோட்டாரையே சொல்கிறார் என்பதும் புரிகிறது. காயில் கட்டிய மோட்டார் திரும்ப எரிந்தால் திட்டு வாங்குவது அவர்தான், கட்டியவர் இல்லை.

காயில் கட்டுவது

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. பம்பு, கிரைண்டர், மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று எல்லாவற்றுக்கும் காயில் கட்டும் கடை தெருவுக்கு ஒன்று இருக்கும். மற்ற ஊர்களிலும் கிணற்று மோட்டார் இருக்கும் இடமெல்லாம் இவர்கள் இருக்கிறார்கள். அதனால் வாஷிங் மெஷின் மோட்டார் அவர்களுக்குப் புதிதில்லை.

மெக்கானிக்கிடம் கழற்றும் கூலி மட்டும் கொடுத்து, மோட்டாரை ஒரு பையில் போட்டுக்கொண்டு கோவையிலேயே கணபதி என்ற பகுதியில் ஒரு சின்ன வைண்டிங் கடைக்குப் போனேன். அறுபது வயது தாண்டிய பெரியவர். எதுவும் கேட்கவில்லை. நாலு போல்ட்டைக் கழற்றி, சுழலும் பாகமான ரோட்டாரை உருவி வைத்துவிட்டு, காயில் இருக்கும் ஸ்டேட்டரை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணி எறங்குன மோட்டார் இது இல்ல கண்ணு. தண்ணின்னா ஒரு பக்கம் துரு இருக்கும், அந்த எடத்துல மட்டும் வெடிச்சிருக்கும். இங்க பாரு, சுத்தியும் ஒரே மாதிரி கறுத்துக் கெடக்குது. எதையோ இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்குது. வீட்டுக்குப் போனதும் பிரேக்கப் பாரு.”

அப்புறம் பிளேடால் காயிலில் ஒரு கம்பியை அறுத்து, எனாமலைச் சுரண்டி, என் பக்கம் நீட்டினார். மேலே செம்பு நிறம், சுரண்டிய இடத்தில் வெள்ளி. அலுமினியம். “இதுல நான் காப்பர் போட்டுத் தர்றேன். கம்பி கொஞ்சம் சன்னமா வரும், எடம் தாராளமா இருக்கும்” என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. மூடியை மூடினால் பிரேக் கட்டை முழுசாக விலகவில்லை. அது உரசிய இடத்தில் டிரம்மின் மேல் கண்ணாடிபோல் பளபளத்து ஒரு வளையம். நாலு மாத ஈர ஜீன்ஸுக்குக் காரணம் அங்கே இருந்தது. அந்த வயரை மாற்றாமல் 1,800 ரூபாய் மோட்டாரைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காயில் கட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் நல்ல கடையைக் கண்டுபிடிக்க முடியும். பழைய காயிலைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். இதை ‘டேட்டா எடுப்பது’ என்பார்கள். பெரியவரிடம் முப்பது வருஷ டேட்டா நோட்டு இருந்தது. பக்கங்கள் வார்னிஷ் கறையோடு ஒட்டிக் கிடந்தன. பிறகு பள்ளங்களில் மின்காப்புக்கான லெதராய்டு பேப்பரை மடித்துச் செருகி, புதுக் காயிலை ஒவ்வொன்றாக இறக்கி, மூங்கில் குச்சியால் தள்ளி உட்கார வைத்து, தலைப்பகுதியை நூலால் இறுக்கிக் கட்டி, கடைசியில் வார்னிஷ்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. பழைய காயிலைச் சீக்கிரம் எடுக்க ஸ்டேட்டரை நெருப்பில் போட்டு எரித்தால், இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள பூச்சு கெடும். அந்த மோட்டார் அதற்குப் பிறகு சுமையில்லாமலே சூடாகும். இரண்டாவது, சுற்றுக் கணக்கு. ‘சுமாராகப் போட்டுத் தருகிறேன்’ என்பவர் கையில் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். மூன்றாவது வார்னிஷ். காலையில் பூசி மாலையில் கொடுத்தால் உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் வேலை செய்யும் மோட்டாருக்கு வார்னிஷ்தான் காப்பு, அது நன்றாக ஊறிக் காய வேண்டும். மழை நாள் என்பதால் பெரியவர் பல்பு எரியும் ஒரு தகரப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்துக் காயவைத்தார். மொத்தம் மூன்று நாள் ஆனது.

வாங்கும்போது கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கிளாம்ப் மீட்டர் வைத்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று காட்டுவார்கள். கால் மணி நேரம் சும்மா ஓடட்டும், பிறகு பிளக்கை எடுத்துவிட்டு உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை சுட்டால் சரியில்லை. உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று மெக்கரில் பார்த்துக் காட்டினால் அந்தக் கடைக்காரரை நம்பலாம். புஷ்ஷோ பேரிங்கோ எது இருந்தாலும் அதையும் அப்போதே புதுசாகப் போடச் சொல்லுங்கள்.

கணக்கு இதுதான்: புஷ்ஷோடு காயில் 950, பிரேக் வயர் 70, சீல் 130, மெக்கானிக் கூலி 400. மொத்தம் 1,550. சீல் இன்னும் கீறவில்லைதான். ஆனால் தொட்டியைக் கழற்றிய பிறகு 130 ரூபாய்க்குக் கஞ்சத்தனம் செய்ய மனம் வரவில்லை. ஊருக்கு ஊர் விலை மாறும். காயில் கட்ட லோக்கல் மோட்டாரின் விலையே கேட்டால் எனக்கும் யோசனை வரும். ஆனாலும் கட்டுபவர் தெரிந்தவராக இருந்து, காப்பர் என்றால் சரிசமமான விலையிலும் காயிலைத்தான் தேர்ந்தெடுப்பேன். ரோட்டார் உரசித் தேய்ந்திருந்தாலோ, ஷாஃப்ட் தேய்ந்து ஆடினாலோ காயில் கட்டிப் பயனில்லை. அங்கே புது மோட்டார்தான்.

காயலான் கடையில் பழைய மோட்டார் வாங்கிப் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது யார் வீட்டில் எதனால் நின்ற மெஷின் என்று தெரியாது. 400 ரூபாய்க்குக் கிடைத்தாலும் கழற்றி மாட்டும் கூலி அதே 400தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உங்களுடையது வேறு வகை மெஷின் என்றால்

மேலே சொன்னதெல்லாம் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு. பெல்ட் வைத்த பழைய டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பிரேக் வயருக்குப் பதில் கிளட்சைச் சந்தேகப்படுங்கள்.

பழைய ஃப்ரன்ட் லோடு மெஷின் வேறு ஜாதி. அதில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், அதாவது மிக்ஸி மோட்டாரின் பெரியண்ணன். டிரம் சுற்றவில்லை, உள்ளே பொறி பறக்கிறது, லேசான கருகல் வாடை என்றால் பத்தில் பாதி நேரமாவது கார்பன் தேய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. புதிதில் ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்த கார்பன் கால் அங்குலமாகக் குறைந்திருக்கும். சில நூறு ரூபாய் வேலை. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றிய முதல் சில நாள் கொஞ்சம் பொறி வருவது இயல்பு, கார்பன் அது உரசி ஓடும் செம்பு உருளையோடு படிய நேரம் எடுக்கும்.

ஆனால் கார்பன் ஓடும் அந்தச் செம்புப் பட்டைகளில் ஒன்றிரண்டு கருகி எழும்பியிருந்தால் கதை வேறு. மிக்ஸி ஆர்மேச்சரைக் கட்டுபவர் இதையும் கட்டித் தருகிறேன் என்பார். நான் கொடுக்க மாட்டேன். துணி பிழியும்போது இந்த மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றையும் தாண்டும். எடை ஒரு பக்கம் துளி கூடினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். இங்கே முழு மோட்டாரையும் மாற்றுவதுதான் சரி. டிரம் தறிகெட்டு வேகமாகச் சுற்றினால் மோட்டாரைத் தொடாதீர்கள். வேகத்தை அளக்கும் டேக்கோ கழன்றிருக்கலாம்.

பெல்ட்டே இல்லாத இன்வெர்ட்டர் வகையில் மோட்டார் போவது குறைவு. மின்னணு போர்டோ, மோட்டாரில் ஒட்டியிருந்து அதன் சுழற்சியைக் கவனிக்கும் ஹால் சென்சாரோ போயிருக்கும். மோட்டாரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்கும் முன்னால் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். மோட்டாருக்கு மட்டும் 10 வருஷம் என்று பல நிறுவனங்கள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. கூலி நம்முடையதாக இருந்தாலும் பாகம் இலவசம். வெளி ஆள் கை வைத்துவிட்டால் அந்த உரிமை போய்விடலாம்.

எப்போது மெஷினையே மாற்றுவது

மோட்டார் போனதற்காக மட்டும் மெஷினைத் தூக்கிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. மற்ற பாகங்களைப் பார்த்துத்தான் அந்த முடிவு. செமி ஆட்டோமேட்டிக்கில் அடிப்பாகம் துருப்பிடித்து உளுத்திருந்தால், வாஷ் தொட்டி விரிசல் விட்டிருந்தால், கியர்பாக்ஸும் ஒழுகினால், புது மெஷினுக்குக் காசு சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஃப்ரன்ட் லோடில் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினாலோ, பிழியும்போது விமானம் கிளம்புகிற சத்தம் வந்தாலோ பேரிங் போயிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊர்களில் டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கையும் அரித்திருக்கும். நிறைய மாடல்களில் தொட்டி ஒட்டி மூடியே வருகிறது, பேரிங் மாற்ற அதை அறுக்க வேண்டும், அல்லது முழுத் தொட்டியும் வாங்க வேண்டும். அந்த நிலையில் இருக்கும் மெஷினுக்கு மோட்டார் வாங்கினால் அந்தக் காசு அத்தோடு போனதுதான்.

புது மெஷின் விற்பவர் கரண்ட் மிச்சம் என்று சொல்வார். டிரையர் மோட்டார் 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் பத்து நிமிடம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த ஒரு யூனிட்டில் எவ்வளவு மிச்சம் பிடித்து 11,000 ரூபாயை மீட்பது? குனிய முடியவில்லை, ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஈரத்துணியைத் தூக்கிப் போட முடியவில்லை என்று வீட்டில் துவைப்பவர் சொன்னால் அது நியாயமான காரணம். அப்போது மோட்டார் நன்றாக ஓடினாலும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிடலாம். நான் அம்மாவிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். “எனக்கு இதுதான் வசதி. சோப்புத் தண்ணிய ரெண்டு தடவ உபயோகிக்கலாம்” என்றார். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகியவர், அவருக்கு அது பெரிய விஷயம்.

மாற்றுவது என்று முடிவானாலும் பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் எவ்வளவுக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, காயில் கட்டி ஓடும் நிலையில் விற்றால் எவ்வளவு வரும் என்றும் பாருங்கள். ஓடுகிற செமி ஆட்டோமேட்டிக்கை வாங்கிக்கொள்ள விடுதிப் பையன்களும் வாடகை வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

இப்போது ஆடி. ஒன்பது மாதமாக டிரையர் தினமும் ஓடுகிறது, ஜீன்ஸ் பழையபடி அரை ஈரத்துக்கும் கீழே வருகிறது. பெரியவரிடம் வாங்கிய பழைய அலுமினியக் காயில் துண்டு ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பின்மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன்: ‘ஐப்பசி. டிரையர் காயில், காப்பர். சீல் புதுசு. பிரேக் வயர் புதுசு, மூடியபின் கட்டை விலகுகிறதா பார்க்கவும்.’ அடுத்து யார் திறந்தாலும் அவர் கண்ணில் முதலில் படும் இடத்தில்.